மூன்று மாதப் பையன்

பேகம்பேட்டில் விமான நிலையத்தின் நீளமான சுவரை ஒட்டி நடந்துகொண்டிருந்தபோதுதான் எனக்கு ஏன் அப்படி வியர்க்கிறது என்று புரிந்தது. உடம்பில் இரண்டு சட்டைகள் இருந்தன. உள்ளே அம்மா தைத்த வெள்ளைச் சட்டை, பள்ளிக்கூடத்துக்கு. மேலே காலர் நைந்த காக்கிச் சட்டை, டீ கொடுப்பதற்கு. காக்கியைக் கழற்றிச் சுவரோரம் போட்டுவிட்டுச் செகந்திராபாத் பக்கமாகத் தொடர்ந்து நடந்தேன். ஜூன் மாதம். மழை இன்னும் இறங்கவில்லை. எனக்குப் பன்னிரண்டு வயது.

பிற்பாடு எத்தனையோ ஊர்களை விட்டு இப்படி நடந்து வெளியேறியிருக்கிறேன். சோலாப்பூரில் தறிப்பட்டறையிலிருந்து, வாஸ்கோவில் மீன் ஏற்றும் இடத்திலிருந்து, பெயர் மறந்துபோன ஒரு சர்க்கரை ஆலையிலிருந்து. உட்கார்ந்தால் எழுந்திருக்க யோசிக்கும் வயதுக்கு வந்துவிட்ட என் கூட்டாளிகளே, நான் சொல்லும் அந்த வருஷத்தில் நீங்கள் எல்லாரும் ஏதோ ஒரு வகுப்பில் பெஞ்சு தேய்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள். நான் அப்போது பள்ளிக்கூடம் போகாதவன். போகாமல் இருப்பதுதான் என் உத்தியோகம்.

அமீர்பேட்டில் இப்போது மெட்ரோ தூண்கள் நிற்கிற இடத்துக்குப் பின்னால், ஒரு மாடிக் கூடத்தில் மாமா ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்தினார். மாமா என்றால் அம்மாவின் சொந்தத் தம்பி. சின்ன வயதிலேயே திருநெல்வேலிப் பக்கமிருந்து செகந்திராபாத்துக்கு வந்து, கல்யாணம் செய்து, அங்கேயே குடும்பமாகிவிட்டவர். அப்பா தூத்துக்குடியில் சரக்குக் கப்பலில் ஏறிப் போனார். ஏதோ ஒரு துறைமுகத்தோடு அவரைப் பற்றிய தகவல் நின்றுபோயிற்று. நான் ஊரில் இரண்டாம் வகுப்பு முடித்திருந்தேன். அம்மா என்னையும் ஒரு தகரப் பெட்டியையும் இழுத்துக்கொண்டு தம்பியிடம் வந்து சேர்ந்தாள். அவர் முகம் சுளிக்கவில்லை. கூடத்துக்குப் பின்னால் இருந்த அறையைக் கொடுத்தார். அதை மறக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அந்த அறைக்கு வேறு வாசல் கிடையாது. வெளியே போக வேண்டுமென்றால் கூடத்தின் வழியாகத்தான் போக வேண்டும். காலையில் இருட்டு பிரியும் முன்பே முதல் வகுப்பு தொடங்கிவிடும். ஒரு வகுப்பு முடிந்து அடுத்த வகுப்பு உட்காருவதற்குள் அம்மா கக்கூஸுக்கு ஓடுவாள், தண்ணீர் பிடிப்பாள், அவசரமாகத் தாளிப்பாள். வகுப்பு நடக்கும்போது மிளகாய் நெடி கூடத்துக்குள் போகக்கூடாது. இருமக்கூடாது. நடுவில் ஒரு சாக்குப்படுதா தொங்கியது. கூடத்தில் ஓடும் கூலரின் நனைந்த வைக்கோல் வாசனை படுதாவைத் தாண்டி வரும், காற்று வராது. அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டு, படுதாவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். மூன்று கோடைகள் அப்படிப் போயின.

கூடத்தின் சுவர் முழுக்க மாமாவின் முதலீடு. சினிமா பேனர் எழுதுகிறவரைப் பிடித்து வந்து, சுவரில் இரண்டு பத்தியாக ஆங்கிலச் சொற்களை எனாமல் பெயின்டில் எழுதி வாங்கியிருந்தார். இடது பக்கம் கேன், குட், மே, மைட், மஸ்ட், ஷுட், வில், வுட். வலது பக்கம் டெஃபினிட்லி, ப்ராபப்ளி, பாசிப்ளி, ஈஸிலி, ரியலி, ஆல்வேஸ், நெவர். நீல எழுத்துகள், ஒவ்வொன்றின் வலது ஓரத்திலும் சிவப்பு நிழல். எழுத்துகள் சுவரை விட்டு எழுந்து நிற்பது போல இருக்கும். கன்டோன்மென்ட் கிளப் ஒன்றில் கழித்துப் போட்ட பில்லியர்ட்ஸ் கோலால் மாமா இடது பக்கம் ஒன்றைத் தட்டுவார், வலது பக்கம் ஒன்றைத் தட்டுவார். கூடம் முழுக்கச் சேர்ந்து அதை வாக்கியமாக்கிக் கத்த வேண்டும்.

"இடப்பக்கம் சோறு, வலப்பக்கம் தொட்டுக்க," என்பார் மாமா, தெலுங்கில் ஒரு முறை, ஹிந்தியில் ஒரு முறை. "வெறுஞ்சோறு எறங்குமா? ஐ வில் கம்னு சொன்னா எவன் நம்புவான்? ஐ வில் டெஃபினிட்லி கம். வந்தே தீருவான்னு தெரியுதில்ல?"

எல்லாரும் தொட்டுக்கொள்வதைக் கடைசியில் கொண்டுபோய் வைப்பார்கள். ஐ கேன் டூ ஈஸிலி. மாமா கோலால் மேசையை அடித்து, நடுவில் வை, நடுவில் வை என்று கத்துவார். ஒவ்வொருவரும் தமக்குத் தேவையான வாக்கியத்தைத் தேடித்தான் வந்தார்கள். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிக்கு டாக்டரிடம் யூ ஷுட் ரியலி ட்ரை திஸ் என்று சொல்ல வேண்டும். ஓட்டல் வரவேற்பில் நிற்கும் பெண்ணுக்கு வி வுட் ஆல்வேஸ் வெல்கம் யூ. நாச்சாரத்தில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரே வாக்கியம்தான், ஐ கேன் ஈஸிலி மேனேஜ். படுதாவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் எல்லாவற்றையும் கேட்டேன். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அடைத்துப்போட்ட பிள்ளைக்குக் காதுதானே வேலை செய்யும்.

ஒருநாள் மாமாவுக்குத் தண்ணீர் கொண்டுபோனவன், அவர் கேட்ட ஏதோ ஒன்றுக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டேன். அன்றைக்கு அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. சந்தோஷம்தான்.

அமீர்பேட்டில் எந்தப் படிப்பானாலும் முதல் வகுப்பு இலவசம். டெமோ என்பார்கள். வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டு, பிடித்தால் சேரலாம். அந்த ஒரு மணி நேரத்தில் ஆளைப் பிடிக்காவிட்டால் அவன் பக்கத்து மாடிக்குப் போய்விடுவான். மாமா அந்த ஒரு மணி நேரத்துக்கு என்னை வைத்துக்கொண்டார். காக்கிச் சட்டையோடு நான் டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு போவேன். மாமா திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்பார்.

"குட் யூ பாசிப்ளி ஓப்பன் தட் விண்டோ?"

"ஐ குட் ஈஸிலி ஓப்பன் இட், சார். பட் யூ வுட் ப்ராபப்ளி கெட் த டஸ்ட்."

கூடம் அசந்துபோகும். மாமா அப்போதுதான் திரும்பி, இந்தப் பையன் ஒரு கிராமத்திலிருந்து வந்தவன், டீ கொடுக்கிறவன், பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை, நம் வகுப்பில் நின்றபடியே கேட்டு மூன்றே மாதத்தில் இப்படிப் பேசுகிறான் என்பார். நான் மாமாவை சார் என்றுதான் கூப்பிட வேண்டும். அம்மா படுதாவுக்குப் பின்னால் மூச்சு விடாமல் இருக்க வேண்டும். நான் வந்த முதல் வருஷமும் மூன்று மாதம், இரண்டாம் வருஷமும் மூன்று மாதம். தெருவில் இறங்கி விளையாடவும் விடமாட்டார். சேர்ந்தவர்கள் யாராவது பார்த்துவிட்டால், அதிலும் தோளில் ஒரு புத்தகப் பையோடு பார்த்துவிட்டால், கதை முடிந்தது.

புதிதாகச் சேருகிறவர்கள் பரீட்சைகள் முடிந்து ஏப்ரலிலிருந்து ஜூன்வரைதான் குவிவார்கள். பள்ளிக்கூடம் திறப்பதும் ஜூனில்தான். ஒவ்வொரு ஜூனிலும் அம்மா கேட்பாள்.

"தம்பி, இவன எங்கயாவது சேத்துவிட்ருவமா?"

"ஹவ்க்கா, ஆமா, சேத்துரலாம். டென்ஷன் நக்கோ, கவலப்படாத. இந்த ஒரு பேட்ச் முடியட்டும்."

பேட்ச் முடியும்போது ஆகஸ்டாகிவிடும். ஆகஸ்டில் யார் சேர்ப்பார்கள்? அடுத்த ஜூன் கண்டிப்பாக என்பார். மாமா ஏமாற்றுகிறார் என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அவர் பத்தாவதோடு நின்றவர். பள்ளிக்கூடத்தில் பத்து வருஷம் உட்கார்ந்தும் ஓர் ஆங்கில வாக்கியம் வாயில் வரவில்லை. பிறகு ஒரு ராணுவ அதிகாரி வீட்டில் எடுபிடியாக நின்று காதால் கேட்டே கற்றுக்கொண்டார். பள்ளிக்கூடம் போவதே இங்கிலீஷ் வருவதற்குத்தான், வந்துவிட்டவனுக்கு அது எதற்கு என்று அவர் மனதார நம்பினார். அம்மாவும் பாதி நம்பினாள். நான் பேசுவதைக் கேட்டு அவளுக்கும் பெருமை.

மூன்றாவது கோடையில் நாச்சாரத்திலிருந்து ஒருவர் டெமோவுக்கு வந்தார். கையில் அமிலம் பட்ட தழும்புகள். மாமா வழக்கம்போல என்னைக் காட்டி மூன்று மாதம் என்று சொல்லி முடித்ததும், அவர் எழுந்து மரியாதையாகவே கேட்டார்.

"போயின சம்வத்ஸரம் கூடா ஈ பில்லாடிகி மூடு நெலலே கதா சார்?"

போன வருஷமும் இவனுக்கு மூன்று மாதம்தானே என்கிறார். மாமா கண் இமைக்கவில்லை. அது இவன் அண்ணன் என்றார். கூடம் என்னைப் பார்த்தது. நான் தலையாட்டினேன். இருந்தாலும் பின்வரிசையில் சிரிப்பு கிளம்பிவிட்டது, அன்றைக்குச் சேர்ந்தவர்கள் ரொம்பக் குறைவு.

மாலையில் மாமா படுதாவை விலக்கிக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தார். இனி இவன் வேண்டாம், முகம் தெரிந்துவிட்டது, இந்த ஜூனில் சேர்த்துவிடு என்றார். அம்மா அழுதுவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. சோறு மட்டும் இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

செகந்திராபாத்தில் எங்கள் கிறிஸ்தவ சபையின் தமிழ் ஆராதனைக்கு ஒரு தலைமை ஆசிரியை வருவார். அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். அம்மா போய்க் கேட்டதும், கூட்டிக்கொண்டு வாங்க, ஆறாவதில் இடம் இருக்கிறது, சும்மா பேசிப் பார்க்கிறேன் என்றார். ஒரு காலைநேரம் போனோம். மேசை துடைத்த ஈரம், சாக்பீஸ் தூள், மணியடிக்காத பள்ளிக்கூடத்தின் அமைதி. ஏன் படிக்க வர விரும்புகிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் ஆரம்பித்தேன். ஐ வுட் ரியலி லைக் டு ஸ்டடி, மேடம். ஐ குட் ப்ராபப்ளி ஹேவ் கம் எர்லியர். ஐ வில் நெவர் ட்ரபிள் யூ.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "எங்க டென்த் பிள்ளைங்களே இப்படிப் பேச மாட்டாங்களேம்மா," என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா நாற்காலியின் நுனியில் இருந்தவள் அப்போதுதான் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "இப்ப சொன்னியே, அதையே எழுது பாப்போம்," என்று ஒரு தாளையும் பென்சிலையும் என் பக்கம் தள்ளினார்.

எழுதுவதா? எனக்கு அந்தச் சொற்கள் சுவரில் இருக்கும் இடம் தெரியும். வுட் எங்கே இருக்கிறது, ரியலி எங்கே இருக்கிறது, எதன் பக்கத்தில் பல்லி முட்டைக் கறை இருக்கிறது எல்லாம் தெரியும். கண்ணை மூடி அந்த இடத்தை நினைத்துக்கொண்டு, வுட் என்பதை வரைந்தேன். முதலில் வெளிக்கோடு, பிறகு உள்ளே நிரப்பல், பிறகு வலது ஓரத்தில் நிழல். பேனர்க்காரர் எழுதியது போலவே. ரியலி பாதித் தாளை அடைத்துக்கொண்டது. ஸ்டடி என்ற சொல் சுவரில் இல்லை. அதற்கு வடிவம் எதுவும் என் தலையில் இல்லை. பென்சிலை வைத்துவிட்டேன்.

தலைமை ஆசிரியை தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தமிழ் எழுதுவாயா என்று கேட்டார், எழுதிக் காட்டினேன். கூட்டல் போடச் சொன்னார், போட்டேன். அவர் சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை. அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்.

"ரெண்டாங் கிளாஸ்ல உக்காரட்டும். கூச்சமா இருக்கும், பரவால்ல. எழுத்து வந்துட்டா நான் சீக்கிரம் சீக்கிரமா மேல ஏத்தி விட்டுடறேன். ஸ்கூல் தொறக்கற அன்னிக்கே வந்துடணும். லேட்டா வந்தா என்னாலயும் முடியாது."

திரும்பும் வழியில் பஸ்ஸில் அம்மா என் கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாக நீவிப் பார்த்தாள். "எய்யா, சின்னப் பிள்ளைய கூட உக்காந்துக்கிடுவியால?" என்று கடைசியில் கேட்டாள். உட்கார்ந்துகொள்வேன் என்றேன். தரையில் உட்காரச் சொன்னாலும் உட்கார்ந்திருப்பேன். அந்த வாரமே ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்த சபைப் பெண் ஒருத்தியிடம் துணி வாங்கி, வெள்ளைச் சட்டையைக் கையாலேயே தைத்தாள்.

மாமாவிடம் சொன்னபோது அவர் நிஜமாகவே அதிர்ந்துபோனார். இவனுக்கா எழுதத் தெரியாது என்று என்னைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுவரைக் காட்டி, வாசி என்றார். வாசித்தேன், எல்லாம் தலைகீழ்ப் பாடம். ஒரு பழைய செய்தித்தாளைக் கொடுத்தார். விழித்தேன். அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அப்போது அவருக்கு வந்தது வருத்தம்தான். அந்த வருத்தத்துக்குள்ளிருந்து எப்போது இன்னொரு யோசனை எழுந்தது என்று எனக்குத் தெரியாது.

பள்ளி திறக்கும் அன்று காலையில் பெரிய டெமோ. ஒரே ஒரு தரம் வந்து நின்றுவிட்டுப் போகட்டும், ஆட்டோ வைத்து நானே இவனைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறேன் என்றார் மாமா. அம்மா வெள்ளைச் சட்டைக்கு மேலேயே காக்கியைப் போட்டுவிட்டாள். கூடம் நிரம்பி, வாசல்வரை நின்றார்கள். டீ, ஜன்னல், பதில், எல்லாம் வழக்கம்போல. ஆனால் அன்றைக்கு மூன்று மாதம் என்று அவர் சொல்லவில்லை. ஒரு சாக்பீஸை எடுத்து என் கையில் வைத்தார். ஐ வில் கோ டு ஸ்கூல் என்று கரும்பலகையில் எழுதச் சொன்னார்.

வில் என்பதை வரைந்தேன். வெளிக்கோடு, நிரப்பல், நிழல். அவ்வளவுதான். கை நின்றுவிட்டது. முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். மாமா கையை உயர்த்தி அடக்கினார். இவனுக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்துகூட எழுதத் தெரியாது, சந்தேகம் இருப்பவர்கள் வந்து சோதித்துப் பார்க்கலாம் என்றார். எழுதத் தெரியாத பையனே இப்படிப் பேசும்போது, டிகிரி வாங்கிய நீங்கள் பேசமாட்டீர்களா என்றார். பிறகு கைதட்டினார்கள். நின்றுகொண்டிருந்தவர்களும் தட்டினார்கள். அத்தனை பேர் தட்டி நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை.

சேருவதற்கு வரிசை கட்டிவிட்டார்கள். மாமா முகமெல்லாம் வியர்வையோடு படுதாவுக்குப் பின்னால் வந்தார். நான் காலி கிளாஸ்களோடு பக்கத்தில் நின்றேன்.

"அக்கா, பாத்தியா கூட்டத்த? இனிமே பொய்யே சொல்ல வேண்டாம், நெஜத்தச் சொன்னா போதும். இந்த ஒரு சீசன் இவன் எழுதப் படிக்காம இருக்கட்டும். அடுத்த ஜூன்ல கண்டிப்பா சேத்துரலாம்."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. ஸ்டவ்வைப் பார்த்தாள், தகரப் பெட்டியைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள்.

"சரி தம்பி," என்றாள்.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்னென்ன இருந்தது என்று இன்றைக்கு என்னால் ஒவ்வொன்றாகச் சொல்ல முடியும். வேறு கூரை இல்லை. வேறு தம்பி இல்லை. ஊருக்குத் திரும்பினால் அப்பா எங்கே என்று கேட்பார்கள். அன்றைக்கு எனக்கு அந்த ஒரு சொல்தான் காதில் விழுந்தது. கிளாஸ்களைக் கீழே வைத்தேன். கூடத்தின் வழியாகத்தானே போக வேண்டும், போனேன். வரிசையில் நின்ற ஒரு பெண் என் கன்னத்தைத் தட்டி, அப்போதுதான் கற்றுக்கொண்டதைச் சொல்லிப் பார்த்தாள்.

"யூ மஸ்ட் ரியலி பி ஹாப்பி."

தேங்க் யூ, மேடம் என்றேன். படியிறங்கிவிட்டேன்.

பள்ளிக்கூடத்தைச் சேரும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. கேட் சாத்தியிருந்தது. கம்பி வழியாகப் பார்த்தேன். சின்னப் பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயில் போலத் தண்ணீர்க் குழாய்க்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டாம் வகுப்பாகத்தான் இருக்கும். வாட்ச்மேன் வந்து, பெரியவர்கள் யாராவது கூட வந்திருக்கிறார்களா என்று தெலுங்கில் கேட்டார். இல்லை என்றேன். கூட்டிக்கொண்டு வந்தால்தான் உள்ளே விடுவேன் என்றார். தலைமை ஆசிரியையைக் கூப்பிடச் சொல்லியிருக்கலாம். அம்மா இல்லாமல் அவர் என்னைச் சேர்க்கமாட்டார், மாமாவுக்கு ஆள் அனுப்புவார் என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது. எல்லாரும் ஒரே சபை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்த அம்மா, ஸ்டேஷன் பக்கத்துத் தெருக்களில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தாள். சாப்பிட்டியால என்று மட்டும் கேட்டாள். திரும்பி வா என்று சொல்லவில்லை. சில மாதங்களில் அவளும் அந்த அறையை விட்டு வெளியே வந்து, ஆஸ்பத்திரியில் ஆயா வேலையில் சேர்ந்து, அவர்கள் கொடுத்த இடத்தில் தங்கிக்கொண்டாள். மாமா வேறொரு பையனைப் பார்த்துக்கொண்டார் என்று கேள்வி. ஆங்கிலம் எழுத நான் கற்றுக்கொண்டது மீசை அரும்பிய பிறகு, சோலாப்பூரில்.

அன்றைக்கு ஸ்டேஷனில் ஒரு பெஞ்சில் படுத்து எழுந்து, மறுநாள் காலை அதன் பின்தெருவில் இருந்த ஒரு பேக்கரியில் போய் நின்றேன். அடுப்பிலிருந்து பிஸ்கட் தட்டுகளை இழுத்துக்கொண்டிருந்த முதலாளி, மாவு ஒட்டிய கையோடு என்னை ஏற இறங்கப் பார்த்தார். என்ன வேலை தெரியும் என்றார். தட்டு கழுவுவேன் என்றேன்.

"பட்னா லிக்னா ஆதா?" படிக்க எழுத வருமா என்று கேட்டார்.

"நை ஆதா." வராது என்றேன்.

"அச்சா ஹை, நல்லதாப் போச்சு. முன்னால இருந்தவன் நாள் பூரா பேப்பர் படிச்சிட்டு தட்டையெல்லாம் கருக விட்டான்," என்று அவருக்குத் தெரிந்த ஹிந்தியில் சொல்லிவிட்டு, நெய் தடவும் துணியை என்னிடம் எறிந்தார்.